மாமனாரின் இடது கட்டைவிரல்

இந்த நாற்காலி ஒரு பக்கமாக ஆடுகிறது. காகிதத்தை நாலாக மடித்து முன்காலுக்கு அடியில் செருகினால் நின்றுவிடும். வேண்டாமா? சரி. எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று கேட்கலாமா? உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா? இரண்டு பேரா? உயில் எழுதி வைத்துவிட்டீர்களா? பார்த்தீர்களா, சிரிக்கிறீர்கள். என் மாமனாரும் இப்படித்தான் சிரிப்பார்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கீழே கடை, மேலே வீடு. நான் அந்த வீட்டோடு மாப்பிள்ளை, பதினோரு வருஷமாக. அடுத்த தெருவில் ரப்பர் ஸ்டாம்ப் செய்து விற்கிறேன். என் மனைவி அவருக்கு ஒரே மகள். மகன் ஒருவன், கப்பலில் சமையல்காரன். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து அப்பாவைக் கட்டிப் பிடித்துவிட்டு, ஃப்ரிட்ஜைக் காலி செய்துவிட்டுப் போவான். குழாய் ஒழுகினால் நான்தான் பார்க்க வேண்டும். மாமாவுக்கு மூச்சு இளைத்தால் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் நான்தான்.

அதனால்தான் உயில் பேச்சை எடுத்தேன். எனக்காக இல்லை. நாளைக்குக் குடும்பத்தில் சண்டை வரக்கூடாதே.

"எழுதி வச்சிட்டா எல்லாருக்கும் நிம்மதி மாமா" என்பேன்.

"என்ன மாப்பிள்ளை, என்னைச் சீக்கிரம் அனுப்பப் பாக்கறீங்களா?"

"ஐயோ, நூறு வருஷம் இருங்க. எழுதிட்டு இருங்க."

"மழை முடியட்டும்" என்பார். மழை முடிந்தால், "பவர் மாறியிருக்கு, புதுக் கண்ணாடி போட்டுக்கிட்டு கையெழுத்துப் போடறேன்" என்பார். கண்ணாடிக் கடைக்காரரே இப்படிச் சொன்னால் நான் யாரிடம் போய் முறையிடுவது?

பெரியவர்கள் பொறுப்பில்லாமல் இருந்தால் வீட்டில் வேறு யாராவது அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உயிலை நானே டைப் அடித்தேன். வீடும் கடையும் மகளுக்கு. மகனுக்கு அப்பாவின் ஆசீர்வாதமும் சுவர்க் கடிகாரமும். கடிகாரம் நன்றாக ஓடுகிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சாட்சிக் கையெழுத்து இரண்டையும் நானே போட்டேன். அதில் ஒருவர் இரண்டு வருஷத்துக்கு முன்பே காலமாகிவிட்டாராம். நல்ல மனிதர், எனக்கு யாரும் சொல்லவில்லை.

மாமாவின் கையெழுத்துதான் எனக்குப் படியவில்லை. கொடி மாதிரி சுழித்துப் போடுவார். ஒரு வாரம் பழகிப் பார்த்துக் கைவிட்டேன். இடது கட்டைவிரல் ரேகை போதும் என்று முடிவு செய்தேன். வயசானவர், கை நடுங்குகிறது என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? ஸ்டாம்ப் பேட் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும்.

புதன்கிழமை காலை மனைவி பல் டாக்டரிடம் போயிருந்தாள். மாமாவுக்கு மூச்சு இளைத்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தலையணைப் பக்கம் துழாவினார். மாத்திரை டப்பி அங்கேதான் இருக்கும். அன்று அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. ஆமாம், நான்தான் வைத்தேன், முந்தின நாள். தூசு தட்டும்போது.

"மாத்திரை" என்றார்.

"தரேன் மாமா. முதல்ல இதுல ஒரு விரல் வச்சிடுங்க."

நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடி போட்டிருக்கவில்லை, காகிதத்தைப் படித்திருக்க முடியாது. என்னைத்தான் படித்தார் என்று நினைக்கிறேன். கையை இறுக மூடிக்கொண்டார். நான் விரல் விரலாகப் பிரித்தேன். மறுபடி மூடினார். மூன்று தடவை. அந்த வயசுக்கு நல்ல பலம். நாலாவது தடவை மூடவில்லை. ரேகை சுத்தமாக விழுந்தது.

அப்புறம் மாத்திரையும் கொடுத்தேன். நான் சொன்ன வார்த்தை தவறுகிறவன் இல்லை. நாக்குக்கு அடியில் வைத்தேன். கரையவில்லை.

பல் டாக்டரிடமிருந்து திரும்பி வந்த என் மனைவிதான் அப்பாவின் கையை ஈரத்துணியால் துடைத்தாள்.

"அப்பா விரல்ல என்னங்க ஊதா இங்க்?" என்றாள்.

சோப்புப் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. என் மை லேசில் போகாது, தண்ணீர் கலக்காமல் விற்கிறேன். அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என் சட்டைக் கையைப் பார்த்தாள். அங்கேயும் அதே ஊதா. அடுத்த அறைக்குப் போய் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினாள். தொழிலில் கொஞ்சம் கலப்படம் செய்திருந்தால் இந்த ஆடுகிற நாற்காலி எனக்கு வாய்த்திருக்காது.

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. மாமா மேல்தான் வருத்தம். காலாகாலத்தில் எழுதி வைத்திருந்தால் ஒரு நல்ல குடும்பம் இப்படிச் சந்தி சிரித்திருக்குமா? உங்கள் பிள்ளைகளுக்காகவாவது நீங்கள் யோசிக்க வேண்டும்.

என்ன கேட்டீர்கள்? வக்கீலா? வந்தார். அன்றைக்கே, சாயங்காலம் நாலு மணிக்கு. வாசலில் கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் பையோடு அப்படியே நின்றுவிட்டார், பாவம். மாமாதான் வரச் சொல்லியிருந்தார். மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி என்று எழுத.

எனக்கு முன்கூட்டியே தெரியுமா என்றா கேட்கிறீர்கள்? தெரியாமல் என்ன. மாமாவுக்கு நம்பர் சரியாகத் தெரியவில்லை என்று, முந்தின நாள் வக்கீலுக்குப் போன் போட்டுக் கொடுத்ததே நான்தான்.