சத்தம் போடாத டாப்பெட்

இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று ஆடுகிறது, ஐயா. அடியில் திருகு தளர்ந்திருக்கும். ஒரு ஸ்பேனர் கொடுத்தால் பேசிக்கொண்டே முறுக்கிவிடுவேன். வேண்டாமென்றால் சரி. கை சும்மா இருந்தால் எனக்குப் பேச்சு வராது, அதற்காகத்தான் கேட்டேன்.

முதலில் சீட்டியை லாக்கப்பிலிருந்து வெளியே விடுங்கள். வேலை செய்யும்போது வாய் சீட்டியடித்துக்கொண்டே இருக்கும், அதனால் அவனுக்கு அந்தப் பெயர். எங்கள் தெருக்கோடியில் இன்னொரு பட்டறை அவனுடையது. எனக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். அதற்காக, ஒழுங்காகச் செய்த வேலையைக் கெட்ட வேலை என்று நீங்கள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. என் மகளின் கார் மேட்டில் நின்றுபோனதற்கு அவன் காரணம் இல்லை. அவனுக்குப் பிறகு அந்த என்ஜினைத் தொட்டவன் நான்.

உங்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் போகும், பிஸ்டன் மேலே வந்து அதை அழுத்தும். காரின் பலமெல்லாம் அந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது. எங்காவது கசிந்தால் வண்டி உறுமும், ஆனால் இழுக்காது. பழைய வண்டிகளில் பெரும்பாலும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் வால்வு சரியாக மூடாது. வால்வுக்கும் அதை அமுக்குகிற டாப்பெட்டுக்கும் நடுவே தாள் கனத்துக்கு ஓர் இடைவெளி விடுவோம். சூட்டில் இரும்பு நீளுமே, அதற்கான இடம் அது. இடைவெளி இருந்தால் டிக் டிக்கென்று கேட்கும். சத்தம் போடுகிற டாப்பெட்தான் நல்ல டாப்பெட் என்று எங்களுக்குள் சொல்வோம். இடைவெளி இல்லாமல் இறுக்கிவிட்டால் என்ஜின் பூனை மாதிரி ஓடும், சூடாகிற வரைக்கும். அப்புறம் வால்வு மூடாது, அழுத்தம் இருக்காது.

கார் என் மனைவியுடையது. அவள் படுக்கையில் கிடந்த நாட்களில் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எந்த ஸ்பேனரும் உதவாத இடம் அது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் போய்விட்டாள். அதன் பிறகு காரைப் பாப்பா ஓட்டினாள். பாப்பா என்றுதான் கூப்பிடுவேன், சின்னப் பெண் இல்லை. பல் செட் செய்கிற வேலை தெரிந்தவள். மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரில் பெரிய இடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. தோழி ஒருத்தியோடு தங்க அறையும் பார்த்துவிட்டாள்.

நான் தடுக்கவில்லை. போய் வாம்மா என்றுதான் சொன்னேன். பெற்றவன் வேறென்ன சொல்வான்? ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. ஒற்றைத் தட்டு, ஒற்றைத் தலையணை, கேட்க ஆளில்லாத ரேடியோ. இன்னொரு முறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது என்று தெரிந்தது. பஸ்ஸில் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அம்மா ஓட்டிய காரில்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். அந்தப் பிடிவாதம் என்னிடமிருந்து போனது.

அவள் கிளம்புவதற்கு முன்னால் ஒரே ஒரு சிலிண்டரில் டாப்பெட்டை இறுக்கினேன். கணக்குப் போட்டபடியே மேட்டுக்கு முன்னாலிருக்கிற பெட்ரோல் பங்க் அருகில், சமதரையில், வண்டி முக்கி முனகி நின்றது. என்னை அழைத்தாள். கயிறு கட்டி இழுத்து வந்தேன். வழியெல்லாம் என் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்துகொண்டே இருந்தது. அவ்வளவு நிம்மதியாக நான் வண்டி ஓட்டியதே இல்லை.

பட்டறையில் பிளக்கைக் கழற்றி, அழுத்தம் பார்க்கிற கேஜை மாட்டிக் காட்டினேன். முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. ரிங் போய்விட்டது, பழைய மாடல், சாமான் கிடைப்பது கஷ்டம் என்றேன். அவள் நம்பினாள். சாமான் வந்ததாகச் சொல்லி ஒருமுறை சரிசெய்தும் கொடுத்தேன். மறுபடியும் அதே பங்க், அதே கயிறு. வேலை கொடுத்தவர்கள் இனிமேல் காத்திருக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று அவள் அழுதாள். முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அந்த அழுகை எனக்கும் வலித்தது, பொய் சொல்லவில்லை.

அப்புறம்தான் என்னிடம் கேட்காமல் காரைச் சீட்டியிடம் விட்டாள். அவன் சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி மறுபடியும் கேஜை மாட்டியிருக்கிறான். ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் அடைத்துக்கொண்டு முள் ஏறும். முள் ஏறவில்லை. உள்ளே காற்றை ஏற்றிவிட்டு, சைலன்சரில் காது வைக்கச் சொல்லியிருக்கிறான். உஸ்ஸென்று கேட்டதாம். வீட்டுக்கு வந்து கைகழுவிக்கொண்டே சொன்னாள்.

"ரிங் இல்லப்பா. வால்வு."

அப்படியா என்றேன். வயசாயிடுச்சும்மா, கண் சரியாத் தெரியல என்றேன். இடைவெளியே இல்லாமல் யாரோ வேண்டுமென்று இறுக்கியிருக்கிறார்கள் என்று சீட்டி அவளிடம் சொன்னதாக நேற்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை அவள் என்னிடம் கேட்கவே இல்லை.

சீட்டி வால்வைத் தேய்த்து உட்காரவைத்து, இடைவெளியை அளந்து வைத்துக் கொடுத்தான். அந்த ஊருக்கே போய் வேறு வேலை தேடிக்கொள்வதாகச் சொல்லி அவள் கிளம்புகிற காலையில் பெட்டிகளை நான்தான் ஏற்றினேன். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். மேல் மூடியைத் திறந்து, இறுக்கி, மூடுவது தெரிந்த கைக்குப் பெரிய வேலை இல்லை. அன்று இரண்டு சிலிண்டரில் இறுக்கினேன். ஒன்றில் இறுக்கினால் சீட்டி மறுபடியும் கண்டுபிடித்துவிடுவான், இரண்டும் போனால் என்ஜினே தேறாது என்று அவளே விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். ஒரேயடியாக முடிந்துவிட்டால் அவளுக்கும் அலைச்சல் மிச்சம்.

அவள் வந்து ஸ்டார்ட் செய்தாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு கண்ணாடியை இறக்கினாள்.

"என்னப்பா, டிக் டிக்னு கேக்கும்னு சொன்னாரு. சத்தமே இல்லையே?"

"நல்லா செஞ்சிருக்கான்மா. அதான் சத்தமில்ல."

என் முகத்தையே பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. கையசைத்துவிட்டுப் போனாள். பெற்ற அப்பா என்பதால் நம்பினாள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கயிற்றை எடுத்து வைத்துக்கொண்டு பட்டறையில் காத்திருந்தேன். பங்க்கிலிருந்து அழைப்பு வரவில்லை. அங்கேதான் நான் தவறு செய்தேன், ஐயா. வால்வோடு சீட்டி ரேடியேட்டரையும் கழுவி அடைப்பு எடுத்துவிட்டிருந்தான். அதை நான் திறந்து பார்க்கவில்லை. என்ஜின் குளுமையாக ஓடியிருக்கிறது. பங்க்கைத் தாண்டிவிட்டது. மேடு ஏறும்போதுதான் சூடேறியிருக்கிறது. வளைவில் இரண்டு சிலிண்டரும் விட்டுவிட்டன. வண்டி நின்று பின்னால் உருண்டது. பின்னால் வந்த லாரிக்காரர் மேல் குற்றமில்லை, அவர் என்ன செய்வார்? தொழில் தெரிந்தவன் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. அது என் பிழை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்வில்லை. பக்கத்தில் எப்போதும் ஆள் வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நான் கட்டிலின் கால்களை அறுத்துத் தாழ்த்திவிட்டேன், வாசற்படியில் சரிவுப் பலகை போட்டுவிட்டேன். குளியலறைக் கதவை அகலமாக்க வேண்டும். பட்டறையில் இருந்தாலும் கூப்பிட்டால் கேட்கிற மாதிரி ஒரு மணி மாட்டியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். முதுகில் கட்டோடு கிடந்த அவளால் திருப்ப முடிந்தது அவ்வளவுதான். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"சத்தம் வராதப்பவே தெரிஞ்சுதுப்பா. போக வேணாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்வீங்கன்னு பாத்தேன்."

மருந்து மயக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாளைக்கு அவளை அந்தத் தோழியின் வீட்டுக்கு அழைத்துப் போகப்போகிறார்கள் என்கிறீர்கள். அவளே அப்படிக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்கிறீர்கள். சரி. நான் தடுக்கவில்லை. எப்போதும் தடுத்ததில்லை. தோழியின் வண்டியில்தான் போவாள் என்று நினைக்கிறேன். அதுவும் பழைய வண்டிதான், அந்த மேட்டைத்தான் ஏற வேண்டும். உங்களால் முடிந்தால் ஒரு உதவி மட்டும் செய்யுங்கள், ஐயா. கிளம்புவதற்கு முன்னால் அந்த வண்டியைக் கொஞ்ச நேரம் என் பட்டறையில் விடச் சொல்லுங்கள். நான் ஒருமுறை பார்த்துக் கொடுத்துவிடுகிறேன்.