வெளி நாதாங்கி இல்லாத ஊர்

ரொம்ப முந்தி, இந்தப் பக்கம் ரயிலு சத்தமே கேக்காத காலம். முள்ளிக்கரை ஊர்ல வேலாத்தான்னு ஒருத்தி இருந்தா, எங்க வம்சத்துக்காரி. அவ பக்கத்து வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ உடைச்சி. புருசன் சடையன், பாரவண்டிக்காரன். மாட்டத் தடவிக் குடுப்பானாம், பொண்டாட்டியப் போட்டு அடிப்பானாம். கட்டைல போறவன்!

உடைச்சிக்கு நெஞ்சுல சீக்கு வந்துச்சாம். இருமுனா ரத்தம் வருமாம். "எங்க ஆத்தா ஊர்ல வைத்தியர் இருக்காரு, போயிட்டு வாரேன்"னாளாம். "போயி எம் மானத்த வாங்கவா?"ன்னு மிதிச்சானாம். அவள உள்ள தள்ளி, வெளிய நாதாங்கியப் போட்டுட்டு, பாரம் ஏத்திக்கிட்டுப் போயிட்டானாம்.

அப்ப ஊர்ல ஒரு கட்டு இருந்துச்சு. வீட்டு ஆம்பள போட்ட நாதாங்கிய அடுத்த வீட்டுப் பொம்பள தொடக்கூடாது. தொட்டா குடி விளங்காதாம். எவன் சொன்னானோ!

உடைச்சி என்ன செஞ்சா? அகப்பைக் காம்பால மண்சுவரக் குடைஞ்சாளாம். குடைஞ்சா, குடைஞ்சா, கை போற அளவுக்குக் குடைஞ்சா. சந்துப் பக்கம் கை நீண்டுச்சாம். "மதினி, நாதாங்கியத் தள்ளி விடுங்க. வைத்தியர்ட்ட போனாப் பொழைச்சுக்குவேன்."

சந்துக்கு அந்தப் பக்கத்து வீட்டுல இருந்து வேலாத்தா ஓடி வந்தாளாம். "ஆம்பள போட்டது தாயி, நான் தொடலாமா? இந்தா, கஞ்சி குடி"ன்னு செம்ப நீட்டுனாளாம்.

மறுநாளும் கை நீண்டுச்சாம். "நாதாங்கி, மதினி." மறுநாளும் கஞ்சிதான்.

சடையன் வந்தான், பொந்தப் பாத்தான். அடி விழுந்த சத்தம் தெருவுக்கே கேட்டுச்சாம். தெருவே கேட்டுக்கிட்டு இருந்துச்சாம். பொந்துல களிமண்ண அப்பிட்டு மறுபடி வண்டி கட்டிட்டான். மண்ணு காயல, அதுக்குள்ள ரெண்டு விரலு வெளிய வந்துருச்சாம். அப்புறம் கை.

ஒருநா காலைல வேலாத்தா அந்தக் கைல செம்ப வச்சா. கை பிடிக்கல, சில்லுன்னு வெறைச்சுக் கெடந்துச்சு. செம்பு உருண்டு கஞ்சி மண்ணுல போச்சு. "உடைச்சீ!"ன்னு கத்திக்கிட்டு வாசலுக்கு ஓடுனா. கட்டாவது மண்ணாவது! நாதாங்கில கை வச்சா. பூட்டு இல்ல. ஒத்த விரலுக்கு நகந்துருச்சாம். அம்புட்டுத்தான், ஒத்த விரலு.

வேலாத்தா அந்த நாதாங்கியப் பேத்துக் கம்மாயில எறிஞ்சாளாம். அப்புறம் வீடு வீடாப் போயிப் பேத்தாளாம். எந்த ஆம்பளையும் குறுக்க வரல.

அதனாலதாம்ப்பா முள்ளிக்கரைல எந்தக் கதவுலயும் வெளிப்பக்கம் நாதாங்கி கிடையாது. இன்னைக்கும் புதுக்கதவு வந்தா, தெருப் பொம்பளைக அதுல இருக்கறதப் பேத்துக் கம்மாயில எறிஞ்சாத்தான் நிலைல மாட்ட விடுவாக. எறிஞ்சுட்டு, "உடைச்சி, தொறந்துட்டோம்"னு சொல்லுவாக.

யாருக்குக் கேக்கப் போகுது?