குறைக்கக் கூடாத கிலோமீட்டர்

செஞ்சியிலிருந்து சிங்கவரம் செல்லும் பேருந்தில், நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடிப் பழுதாகி நிற்கும் தம் காரைப் பற்றி முன்னிருக்கைக்காரர் மனைவியிடம் சொன்னார்:

“மீட்டரக் குறைச்சி வித்துடலாம்னு புரோக்கர் சொல்றான்.”

“எத்தக் குறைப்பான் மாமா? டயாலிசிஸுக்கு வாரத்துக்கு ரெண்டு தபா என்னிய பாண்டிக்கு இட்டுனு போனதையா?”

“அதில்ல. ரிப்பேர்னா இன்ஜினையே இறக்கணுமாம்.”

“எனக்கும் கிட்னியையே மாத்தணும்னுதான் சொன்னாங்க. நீ உன்னுத குடுத்த. அப்ப மட்டும் என்னியத் தள்ளிவுட புரோக்கரு ஞாபகம் வரலியா?”

கோட்டை மலையின் உச்சியை அண்ணாந்து பார்த்திருந்த என் கண்கள், அந்த இருக்கைக்கு இறங்கி அங்கேயே நின்றன.

அவர் சிரித்தார். மெக்கானிக்கைக் கைப்பேசியில் அழைத்தார்.

“இன்ஜின இறக்கிடுப்பா. மீட்டர்ல மட்டும் கை வெக்காத.”