மூன்றாவது யூசர்

ஹலோ... ஹலோ, சுகுமாரன் தம்பியா? நான் பிரிக்ஃபீல்ட்ஸ் பூஜைச் சாமான் கடை அழகம்மை... ஆமா ஆமா, காலையிலேருந்து மூணாவது கால். அதே ஸ்டாக் சாஃப்ட்வேர்தான்...

இல்ல, இப்ப பெரிசாயிடுச்சு. கிள்ளான் ஸ்டோர்ல ஆயிரம் பால்குடம் லோரியில ஏத்தி நிக்குது. சிஸ்டம்ல டெலிவரி சீட்டு அடிச்சுக் காட்டினாத்தான் செக்யூரிட்டி கேட்டைத் திறப்பாரு. அங்க அதை அடிக்க வேண்டிய புள்ள வாணி. அவளுக்கு யூசர் போடப் போனா 'லிமிட் முடிஞ்சது'ங்குது... நாளைக்குத் தைப்பூசம் தம்பி! பத்துமலையில நம்ம ஸ்டால் காலியா கிடக்கு. பால்குடத்துக்குப் பேர் கொடுத்தவங்க விடியல்ல வந்து கையை நீட்டினா நான் என்னத்தைக் கொடுப்பேன்?

...என் பாஸ்வேர்டையா? ஒரு லாகின்ல ரெண்டு ஊரு வந்தா பூட்டிடும்னு காலையில நீங்கதானே சொன்னீங்க!

...மூணு யூசர் பிளான், தெரியும் லா. நாங்க ரெண்டு பேருதானே? நான் கடையில, எங்க வீட்டுக்காரரு வைரவன் ஸ்டால்ல. மூணாவது யாரு?... படிங்க...

ஓ.



தண்டாயுதபாணி... எங்களுக்கு வேண்டியவருதான்... ஸ்டாஃப் இல்ல... மூணு வருஷமா ஒரு தடவைகூட லாகின் பண்ணலையா? பண்ண மாட்டாரு தம்பி. அவரு முருகன்.

...பேரு முருகன் இல்ல. முருகனேதான்!

சிரிக்காதீங்க. நாங்க செட்டியார் வீடு. கடை தொடங்கினா முதல் பேரு சாமி பேருதான்... சரி, கணக்கு நோட்டுலதான் எழுதுவாங்க. எங்க வீட்டுக்காரரு கம்ப்யூட்டர்லயும் எழுதிட்டாரு. அதுல ஒரு இடம் போயிடும்னு யாரு கண்டா?

என்னது... டிலீட்டா? வாயைக் கழுவுங்க! தைப்பூசத்துக்கு முந்தின நாள் முருகனை டிலீட் பண்ணச் சொல்றீங்களே, நல்லா இருக்கீங்களா?... சரி, பிளானை ஏத்துங்க. பத்து யூசர் போடுங்க... ஓனர் ஒத்துக்கணுமா? ஓனர்னு யாரைப் போட்டிருக்கு?... அவரையேவா!

...ஓடிபி கோட் எந்த நம்பருக்குப் போகுது?... ஐயோ, அது கோயில் ஆபீஸ் நம்பர் லா. இன்னைக்கு அங்க யாரு ஃபோனை எடுப்பா? எல்லாரும் ரதத்துக்குப் பின்னாடி போயிட்டாங்க.

...ஓனர்கிட்ட நேரா பேசணுமா? தாராளமா பேசுங்க. பத்துமலையில இருக்காரு. படியேறிப் போய் வரிசையில நில்லுங்க!

...சரி சரி, கோபப்படல. சொல்லுங்க... கம்பெனி பத்திரம் அனுப்பினா ஓனரை மாத்தலாமா? அதுல என் பேரும் இருக்கு. இருங்க... வாட்ஸ்அப்ல போட்டாச்சு. வந்துச்சா?... ஆமா, ஓனர் அழகம்மை. வீட்டுக்காரருக்கு ஈமெயில் போகுமா?... போனா போகட்டும், நான் பாத்துக்கறேன்.

ஆனா முருகன் உள்ள இருந்தா திரும்ப மூணுதானே ஆகும்?... 'வியூ ஒன்லி'யா? அப்படின்னா?... லிமிட்ல சேராது... ம்... எல்லாத்தையும் பாக்கலாம்... எதுலயும் கை வைக்க முடியாது...

...இல்ல தம்பி, அழல. யோசிக்கிறேன்.

அதைத்தானே இவ்வளவு நாளும் பண்ணிட்டு இருக்காரு. மாத்துங்க.

...மாத்தியாச்சா? இருங்க, வாணி அடுத்த லைன்ல வரா... உள்ள போயிட்டியா?... சீட்டு வந்துச்சா?... லோரி கிளம்பிருச்சா!... தம்பி, லோரி கிளம்பிருச்சு! அப்பாடா, எல்லாம் முருகன் செயல்!

...நீங்க பண்ணீங்களா? ஆமா ஆமா, பண்ணீங்க. உங்களைப் பண்ண வச்சது யாரு?... வச்சிடறேன்.