தோளில் தடவியது

— குடையை இங்க மறந்துட்டேன்னு வெளிய என் சம்சாரத்துக்கிட்ட சொல்லிட்டு வந்தேன், டாக்டரம்மா. நான் குடையே கொண்டு வரல.

— உக்காருங்க சார். சிறுநீர்ப்பைக் கட்டியைப் பத்தி இன்னும் ஏதாவது கேக்கணுமா?

— வேற மருந்து ஏதாவது போடுறீங்களான்னு கேட்டீங்களே. இல்லைன்னேன். பச்சைப் பொய். பக்கத்துல அவ உக்காந்திருந்தா.

— பரவால்ல, இப்ப சொல்லுங்க.

— நாக்கு எழ மாட்டேங்குதும்மா. உங்க வயசுல எனக்குப் பொண்ணு இருக்கா. பள்ளிக்கூடத்துல டிரில் மாஸ்டரா இருந்தவன். நான் விசில் ஊதினா மைதானமே விறைச்சு நிக்கும். அப்படிப்பட்டவன் போய்...

— அடுத்த வாரம் கட்டியைச் சுரண்டி எடுக்கப்போறது நான். எனக்குத் தெரியாம எதுவும் இருக்கக் கூடாது சார்.

— வெக்கத்தை விட்டுச் சொல்றேன். ஒரு ஜெல்லு. ஆம்பளை ஹார்மோனாம். ஜிம்முல ஒருத்தன் கொடுத்தான். ரெண்டு வருஷமா தோள்ல தடவுறேன்.

— டாக்டரைக் கேக்காமலா?

— இதை எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்குறது?

— சிறுநீர்ப்பைச் செல்லுலயும் அந்த ஹார்மோனை வாங்கிக்கிற ஏற்பி இருக்கு சார். அது மூலமா சில கட்டிக்குத் தீனி கிடைக்கலாம்னு ஆராய்ச்சிக்காரங்க சந்தேகப்படுறாங்க. ஆம்பளைங்களுக்கு இந்த நோய் அதிகமா வர்றதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். அடிச்சுச் சொல்ல முடியல.

— அப்ப என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேனா?

— அப்படிச் சொல்லல. நீங்க ஊதித் தள்ளின சிகரெட்டு மேலதான் எனக்கு முதல் சந்தேகம். ஆனா ஜெல்லை இன்னைக்கே நிறுத்துங்க. எதுக்கு இந்த வேலை உங்களுக்கு?

— வயசுப் பையனா ஆகிடலாம்னு ஒரு சபலம். நடுவுல அவ என்னை ஒதுக்க ஆரம்பிச்சா. போன வருஷத்துல இருந்து அடுத்த ரூம்ல படுத்துக் கதவைச் சாத்திக்கிறா. நமக்குத் தெம்பு பத்தலை போலன்னு இன்னும் அள்ளி அள்ளித் தடவினேன்.

— தடவினதும் சட்டை போட்டுக்குவீங்களா?

— இல்லம்மா, காயட்டும்னு அப்படியே படுத்துடுவேன். அவ என் தோள்ல கன்னத்தை வச்சுத்தான் தூங்குவா. அப்பல்லாம்.

— ஐயோ சார்! அது தோல்ல பட்டா அடுத்தவங்க உடம்புலயும் ஏறும்.

— அவளுக்கா? ஏறினா என்ன ஆகும்?

— என்னங்க, ஒரு குடையை எடுக்க இவ்வளவு நேரமா?

— ஒண்ணுமில்லடி, நீ வெளிய இரு.

— வேணாம், உள்ள வாங்கம்மா. கதவைச் சாத்திட்டு உக்காருங்க. சார், நீங்களே சொல்லுங்க.

— காறித் துப்பினாலும் துப்பு. ஆம்பளை ஹார்மோன் ஜெல்லு தடவிக்கிட்டிருந்தேன்டி, உனக்குத் தெரியாம. பக்கத்துல படுத்ததுல உன் உடம்புலயும் ஏறியிருக்குமாம். ஏன்டி அழற? நாலு வார்த்தை திட்டிடு.

— அப்ப எனக்கு மீசை முளைச்சது உங்களாலயா? அதை நீங்க பாத்துடக் கூடாதுன்னுதானே பாவி மனுஷா, நான் அடுத்த ரூமுக்கே போனேன்!