வலப்பக்கம் விலகிய இரண்டு மில்லிமீற்றர்

இருபத்தாறு ஆண்டுகளாக எங்கள் கலை, வடிவமைப்புக் கல்லூரியின் பாடநெறி அலுவலகத்தில் அமர்ந்து, கலைக்கூடப் பாடங்களுக்கும் தெரிவுப் பாடங்களுக்கும் அறை தேடி, நாள் தேடி, நேரம் தேடித் தந்து, இன்று ஓய்வு பெறும் மதிப்பிற்குரிய திருமதி லுத்பியா அவர்களே!

உங்கள் குணங்களை உங்கள் முன்னாலேயே அடுக்கினால் நீங்கள் கதிரையில் நெளிவீர்கள். ஆகவே சபையோருக்கு ஒரு கதை சொல்கிறோம், நீங்களும் கேட்டுக்கொண்டிருங்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், வெள்ளவத்தைக் கடலைப் பார்த்த எங்கள் மூன்றாம் மாடி அச்சுக்கூடத்தில் ஒரு சிறிய சிக்கல் கிளம்பியது. சில்க் ஸ்கிறீன் அச்சில், மை இறங்கும் மெல்லிய துணி கட்டிய மரச்சட்டம் நிறத்துக்கு ஒன்று. முதலில் மஞ்சள், அது காய்ந்ததும் அதன்மேல் சிவப்பு, பிறகு நீலம். மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால்தான் படம். பகல்நேரக் கலைக்கூட மாணவர்களுக்கு அவை உட்கார்ந்தன. வியாழன் மாலைத் தெரிவுப் பாடத்துக்கு வருவோருக்கு உட்காரவில்லை. அதே தாள், அதே மை, அதே சட்டம், கற்பிப்பவரும் ஒருவரே. தாளின் இடப்பக்கத்தில் நிறங்கள் பொருந்தின. வலப்பக்கத்தில் இரண்டு மில்லிமீற்றர் விலகின.

அந்த இரண்டு மில்லிமீற்றரில் ஒருவருடைய வேலை தொங்கிக்கொண்டிருந்தது. பாடத்தை நடத்திய றஷ்மி வருகை விரிவுரையாளர். பகலிலும் கற்பித்தாலும் அவருடைய ஒப்பந்தம் இந்தத் தெரிவுப் பாடத்தின் பேரில்தான்; பாடம் பட்டியலிலிருந்து போனால் அவரும் போக வேண்டியதுதான். இரண்டு தவணையாக மாலை மாணவரின் அச்சுகளுக்குப் பரீட்சகர்கள் குறைந்த புள்ளியே போட்டிருந்தார்கள். பாடத்தை நிறுத்தும் பத்திரம் கல்விச் சபைக்குப் போகவிருந்தது. அதைத் தட்டச்சு செய்ய வேண்டியவர் லுத்பியா மிஸ்.

மிஸ் அதைத் தட்டச்சு செய்யாமல் மாடியேறினார். அச்சுக்கூட உதவியாளர் பிறெடியிடம் காரணம் தயாராக இருந்தது.

“இது கைக் கோளாறு மிஸ். புறக்கோட்டைக் கடையிலயும் புதுக்கடை ஒப்பீசிலயும் பகல் முழுக்க மாரடிச்சிட்டு, பசியோட வாற கை. நடுங்காம என்ன செய்யும்?”

“என்ட கையிலயும் விலகுது பிறெடி அண்ணை,” என்றார் றஷ்மி. “நான் இடியப்பம் சாப்பிட்டிட்டுத்தான் வாறனான்.”

மிஸ்ஸுக்கு அச்சுத் தொழில் தெரியாது, அட்டவணை தெரியும். ஒரு தாளில் இரண்டு நிரல் கீறி, பகல் வகுப்பு, மாலை வகுப்பு என்று தலைப்பிட்டு, ஒத்திருந்தவற்றையெல்லாம் வெட்டிக்கொண்டே போனார். மிஞ்சியது நேரம் மட்டும். பகல் மாணவர்கள் மூன்று நிறத்தையும் ஒரே நாளில் அச்சிட்டு முடித்தார்கள். மாலை வகுப்புக்கு இரண்டு மணித்தியாலம்தான் என்பதால் கிழமைக்கு ஒரு நிறம்.

“அப்ப நடுவுல ஒரு கெழம தாள் எங்க ஈக்குது?” என்று கேட்டார் மிஸ்.

வெளி விறாந்தையில், கம்பியில் என்றார் பிறெடி. மறுநாள் காலையில் அறை பகல் வகுப்புக்கு வேண்டுமே.

அன்று மாலை மஞ்சள் அச்சிட்டு முடிந்ததும் மிஸ் படத்தின் அகலத்தை இரும்பு அடிமட்டத்தால் அளந்தார்: ஐந்நூறு மில்லிமீற்றர். அடுத்த வியாழன் அதே தாள்களை விறாந்தையிலிருந்து இறக்கி அளந்தார்: ஐந்நூற்றிரண்டு. அச்சிட்ட படம் அகன்றிருந்தது.

இதில் மாயம் ஏதுமில்லை. தாள் என்பது மரநார். நார் ஈரத்தைக் குடித்தால் பருக்கும். நீளவாக்கில் அவ்வளவு இல்லை, தடிப்பில்தான் கூடுதல். நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருப்பதால் தாளும் அவற்றுக்குக் குறுக்கே அகலும். ஏசி அறையின் உலர்ந்த காற்றில் மஞ்சள் வாங்கிய தாள், ஒரு கிழமை கடற்காற்றைக் குடித்துவிட்டுத் திரும்பியது. சட்டத்திலிருந்த சிவப்போ பழைய அளவிலேயே இருந்தது. தாளின் இடப்பக்க விளிம்பை மேசைத் தடையில் முட்டவைத்து அச்சிடுவதால் அங்கே பொருந்தும். வலப்பக்கம் போகப்போக விலகும். கை நழுவியிருந்தால் இரு பக்கமும் அல்லவா விலகியிருக்கும்? இதை மிஸ் சொன்னபின் பிறெடி சற்று நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சபைக்கு மிஸ் அனுப்பிய பத்திரத்தின் முதல் வரி இது: “பிழை மாணவரிலும் இல்லை, விரிவுரையாளரிலும் இல்லை, நான் போட்ட நேர அட்டவணையில் உள்ளது.” அப்படி எழுதும்படி யாரும் அவரைக் கேட்கவில்லை. எங்களில் வேறு எவரும் அப்படி எழுதியதாக நினைவும் இல்லை.

மாலை வகுப்பும் மூன்று நிறத்தையும் ஒரே நாளில் அச்சிட, இனி ஒரு முழுநாள் வேண்டும். பதினொரு மாணவருக்கும் மிஸ் தாமே தொலைபேசி எடுத்தார். சனிக்கிழமை புறக்கோட்டைக் கடைகளுக்கு லீவில்லை. ஞாயிறு எல்லோருக்கும் சரி. பிறெடிக்கு மட்டும் கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் காலைப் பூசை.

“பூசைய விட்டிட்டு வரச் சொல்லாதீங்க மிஸ்.”

“நான் ஏன் சொல்லப் போறேன்? முடிச்சிட்டே வாங்க.”

அம்மையீர், நீங்கள் உடல்நலத்தோடும் மனநிறைவோடும் நெடுங்காலம் வாழவேண்டுமென்று உளமார வாழ்த்துகிறோம். றஷ்மி இன்றும் எங்களோடு கற்பிக்கிறார். நீங்கள் கையொப்பமிட்ட அறிவித்தல் அச்சுக்கூடக் கதவில் இன்றும் இருக்கிறது:

“தெரிவுப் பாடம், சில்க் ஸ்கிறீன். மூன்று வியாழன் மாலைகளுக்குப் பதிலாக மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை 10.30 முதல் மாலை 5.00 வரை. மூன்று நிறமும் அன்றே அச்சிடப்படும். மூன்றும் முடியும்வரை எந்தத் தாளும் அறையைவிட்டு வெளியே கொண்டுபோகப்படாது.”

இங்ஙனம்,
கல்லூரி ஊழியர்கள்
கொழும்பு 6