கருகின மீன் ஒன்பது

– வாளைக் கீழ போடுங்க.

– வாளையா?

– வாளைத்தான். விரலால அழுத்திப் பிடிச்சு, அப்படியே பைக்கு வெளிய இழுத்து விடுங்க.

– நாலு மாசம் எலும்புக்கூட்டுக் கும்பலோட மல்லுக்கட்டி வாங்கின வாளு. அதைப் போய்...

– பையில இருபது கட்டம்தான். எல்லாம் நிரம்பிக் கிடக்கு. ஓடத்துக்கு மட்டும் அஞ்சு கட்டம் வேணும். அது இன்னைக்கு ஆறு மணி வரைக்கும்தான் கரையில கிடக்கும். அப்புறம் ஜென்மத்துக்கும் அக்கரைக்குப் போக முடியாது. மணி என்ன?

– அஞ்சே முக்கால்.

– கை நல்லா இருந்திருந்தா இந்நேரம் நானே ஓடத்தை எடுத்திருப்பேன். பாத்ரூம்ல வழுக்கி விழப்போய், உங்க கட்டைவிரலை நம்பி உட்கார்ந்திருக்கேன்.

– மாவுக்கட்டைத் தூக்கித் தூக்கி ஆட்டாத. டாக்டர் என்ன சொன்னாரு?

– போன்ல விளையாடாதன்னு சொல்லலையே. வாளு போச்சா?

– இரு... வேற எதையாவது போடலாமே. இதென்ன, ஒன்பது கட்டத்துல வெறும் கரிக்கட்டையா இருக்கு?

– மீன்.

– மீனா இது?

– கருகின மீன். பதமா வெந்ததுன்னா அம்பதையும் ஒரே கட்டத்துல அடுக்கலாம். கருகினது ஒவ்வொண்ணும் தனித்தனியா இடம் பிடிக்கும்.

– சரி, பசிச்சா தின்னலாம்ல?

– தின்னா இருக்கிற உயிரும் போயிடும்.

– அப்ப... நீ ஒண்ணுகூடத் தின்னலையா?

– அதுக்கு ஏன் உங்க மூஞ்சி இப்படித் தொங்குது?

– இல்ல, சும்மா கேட்டேன். யாரு குடுத்தது?

– ஒத்தக்கால் கொக்குன்னு ஒருத்தன். இந்த விளையாட்டுக்குள்ள வர்ற எல்லாரும் இப்படித்தான் ஏதாவது ஒரு பேரு வெச்சுக்குவாங்க. ஒரு வார்த்தை எழுத மாட்டான். நான் அடிபட்டு விழுந்தா எங்கிருந்தோ ஓடி வருவான். பக்கத்துல ஒரு மீனை வெப்பான். நான் எழுந்திரிக்கிற வரைக்கும் ஓநாய்ங்க கடியெல்லாம் அவன் வாங்கிக்குவான்.

– சமைக்கத் தெரியாத ஆளு போல.

– சுத்தமாத் தெரியாது.

– அதைப் போய்க் கட்டிச் சுமக்கிறியே. யாரோ எவனோ குடுத்த கரி. எல்லாத்தையும் கொட்டிடுறேன், வாளு தப்பிச்சுடும்.

– கொட்டாதீங்க. வாளு ரெண்டு கட்டம், கேடயம் மூணு கட்டம். ரெண்டையும் போடுங்க, ஓடம் வந்துடும்.

– உனக்கென்ன பைத்தியமா? கேடயம் இல்லாமப் போனா அக்கரைல அந்த நண்டு ஒரே கடியில முடிச்சுடும்.

– அங்க நண்டு இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?

– ...நீதான்.

– நான் இந்த வீட்ல இதைப் பத்தி வாயைத் திறந்து எட்டு மாசமாச்சு. உங்க தம்பி முன்னாடி, 'வேலவெட்டி இல்லாதவ, போனைக் கட்டிக்கிட்டு அழுவுறா'ன்னு சொன்னீங்க. அன்னைக்கோட நிறுத்திட்டேன்.

– அது ஏதோ பேச்சுவாக்குல...

– எனக்கு வலிச்சுது. சரி, அதை விடுங்க, மணி ஆகுது. வாளைப் போடுங்க.

– வெறுங்கையோட போவியா?

– போவேன். ஓடத்துல ரெண்டு பேர் உட்காரலாம். கொக்கும் வரட்டும். பாறைகிட்ட நிக்கிறானான்னு பாருங்க, எப்பவும் அங்கதான் நிப்பான்.

– காணோம். இன்னைக்கு வேலையா இருப்பான்.

– எப்படி இருப்பான்? அவன் போன் உங்க சட்டைப்பையிலதானே இருக்கு? எடுங்க. ஏழு நிமிஷம்தான் இருக்கு.

– எப்ப... எப்ப தெரியும் உனக்கு?

– மூணாவது மீன்ல. நான் உள்ரூம்ல இருந்து, 'அடுப்பை அணைங்க'ன்னு உங்களைக் கூப்பிட்டேன். இங்க கொக்கு ஓநாய்க்கு நடுவுல நட்டுவெச்ச கம்பாட்டம் நின்னுட்டான். நீங்க ஹாலுக்குத் திரும்பி வந்த பிறகுதான் அசைஞ்சான். மறுநாளும் வேணும்னே கூப்பிட்டுப் பார்த்தேன்.

– அதான் அன்னைக்கு அடுப்பே எரியலையா?

– பாவம், போய்த் தடவிப் பார்த்துட்டு வந்தீங்க.

– தெரிஞ்சும் இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலையே நீ.

– சொன்னா வெட்கப்பட்டு வர்றதை நிறுத்திடுவீங்க. எனக்கு நீங்க வரணும்.

– போட்டுட்டேன். வாளு, கேடயம், ரெண்டும். ஓடம் பையில வந்துடுச்சு. இந்தா, கொக்கும் பாறைகிட்ட வந்துட்டான்... ஆனா அந்த மீனு எதுக்கும்மா? உனக்கு உயிர் கூடும்னு நெனச்சுத்தான் குடுத்தேன். அன்னைக்குச் சொன்னதுக்கு உன்கிட்ட மன்னிப்புக் கேட்கணும்னு ஒவ்வொரு நாளும் நெனப்பேன். நேர்ல வாய் வரல.

– அதான் ஒன்பது தடவை கேட்டிருக்கீங்களே. அதுல எதைத் தூக்கிப் போடச் சொல்றீங்க?